மின்சாரக் கொம்பனியை மாற்றலாமா? இங்கிலாந்து செல்லும் மகள்மாருக்கு ஒரு விளக்கம்



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது தாய்மாருக்கு விளங்காத சில விடயங்கள் உண்டு. "அம்மா, இந்த மாதம் கரண்ட் கொம்பனியை மாற்றிவிட்டோம்" என்று மகள் சொல்வது அவற்றில் ஒன்று. மின்சார சபையை மட்டுமே தெரிந்த எங்களுக்கு, அரிசி வாங்கும் கடையை மாற்றுவது போல மின்சாரத்தை எப்படி மாற்றுவது என்ற கேள்வி எழும். பழைய வயரைக் கழற்றிப் புது வயர் போடுவார்களா, அதுவரை வீடு இருட்டில் கிடக்குமா என்ற கவலையும் வரும். திருமணமாகி இங்கிலாந்துக்குச் செல்லும் பெண்கள் முதல் மாதத்திலேயே எதிர்கொள்ளும் விடயம் இது. எனவே இம்முறை இதைப் பற்றிப் பார்ப்போம்.

வயர் ஒன்று, விற்பவர் பலர்

பிரித்தானியாவில் முன்னர் பிரதேச மின்சார சபைகளே இருந்தன. 1989ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தைத் தொடர்ந்து, 1990 முதல் அவை தனியார் கைக்கு மாறின. 1998க்கும் 1999க்கும் இடையில் படிப்படியாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனக்கு விருப்பமான விற்பனையாளரைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைத்தது. இத்துறையை 'ஒஃப்ஜெம்' என்னும் ஒழுங்குபடுத்தும் நிறுவனம் கண்காணிக்கின்றது.

தெருவில் உள்ள வயரும் மின்மாற்றியும் அந்தப் பகுதிக்குரிய விநியோக நிறுவனத்திடமே இருக்கும். அதை நாம் மாற்ற முடியாது. மின்சாரத்தை மொத்தமாக வாங்கி, எங்களுக்கு விற்று, பட்டியல் அனுப்பும் கொம்பனியையே மாற்றுகின்றோம். எந்தக் கொம்பனியிடம் வாங்கினாலும் வருவது ஒரே மின்சாரம்தான். மாறும்போது விளக்கு அணையாது. 2022ஆம் ஆண்டின் மாற்றங்களின் பின்னர், பொதுவாக 5 வேலை நாட்களுக்குள் மாற்றம் முடிந்துவிடும். மின்சாரம் தடைப்பட்டால் விற்பனைக் கொம்பனியை அல்ல, 105 என்ற இலவச இலக்கத்தையே அழைக்க வேண்டும்.

குடிபுகும் நாளில்

புதிய வீட்டுக்குப் போகும்போது அங்கே ஏற்கெனவே ஒரு கொம்பனி மின்சாரம் வழங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் எதிலும் கையொப்பமிடாவிட்டாலும், முதல் நாளிலிருந்தே அதன் வாடிக்கையாளராகக் கருதப்படுவீர்கள். ஆகவே பெட்டியைத் திறக்க முன்னர் மீற்றரில் உள்ள எண்ணைக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முன்பு இருந்தவர் பாவித்த மின்சாரமும் உங்கள் தலையில் விழக்கூடும்.

வாடகை வீடென்றாலும், மின்கட்டணத்தைக் கொம்பனிக்கு நேரடியாகக் கட்டுபவர் நீங்களென்றால் கொம்பனியை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரரே கட்டினால் அவ்வுரிமை இல்லை.

எது மலிவு?

எங்கள் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். குறைவாகப் பாவிப்பவருக்கு அலகின் விலையும் குறைவு. அங்கே பெரும்பாலும் அப்படியில்லை. முதல் அலகுக்கும் முந்நூறாவது அலகுக்கும் ஒரே விலைதான். அதற்கு மேலாக நாளாந்த நிலைக்கட்டணம் ஒன்றும் உண்டு. ஊருக்கு வந்து ஒரு மாதம் வீட்டைப் பூட்டி வைத்தாலும் அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இவை விளக்கத்துக்கான எண்கள் மாத்திரமே. முதலாவது கொம்பனி நாளுக்கு 50 பென்ஸும் அலகுக்கு 25 பென்ஸும் கேட்கிறது. இரண்டாவது கொம்பனி நாளுக்கு 35 பென்ஸும் அலகுக்கு 28 பென்ஸும் கேட்கிறது. 30 நாளில் 100 அலகு பாவித்தால் முதலாவதில் 40 பவுண், இரண்டாவதில் 38 பவுண் 50 பென்ஸ். 300 அலகு பாவித்தால் முதலாவதில் 90 பவுண், இரண்டாவதில் 94 பவுண் 50 பென்ஸ். தனியே வாழும் மாணவிக்கு மலிவானது மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மலிவாக இராது. எனவே அயலவர் சொன்னார் என்பதற்காக மாறாமல், உங்கள் பழைய பட்டியலில் உள்ள அலகுகளை வைத்தே கணக்குப் பாருங்கள்.

2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒஃப்ஜெம் விலைக்கு ஓர் உச்ச வரம்பு விதித்து வருகின்றது. பலர் இதைத் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். வரம்பு அலகின் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்குமே உண்டு. முழுப் பட்டியலுக்கு அல்ல. கூடுதலாகப் பாவித்தால் கூடுதலாகவே கட்ட வேண்டும். குறித்த காலத்துக்கு விலை மாறாத ஒப்பந்தங்களும் உள்ளன. அவற்றை இடையில் முறித்தால் சில கொம்பனிகள் தண்டப்பணம் அறவிடும். ஆனால் ஒப்பந்தம் முடியும் நாளுக்கு முந்திய 49 நாட்களுக்குள் மாறுபவரிடம் அதை அறவிட முடியாது.

மலிவு ஒன்றையே பார்ப்பதும் சரியல்ல. 2021, 2022ஆம் ஆண்டுகளில் எரிவாயு விலை ஏறியபோது ஏறத்தாழ 30 கொம்பனிகள் விழுந்துபோயின. அவற்றின் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நிற்கவில்லை. ஒஃப்ஜெம் அவர்களை வேறு கொம்பனிகளுக்கு மாற்றியது, கணக்கில் மிச்சமிருந்த பணமும் பாதுகாக்கப்பட்டது. ஆனால் மலிவு விலை ஒப்பந்தம் போய்விட்டது.

வாசலுக்கு வரும் விற்பனையாளர்

பகலில் பெண்கள் தனியே இருக்கும் வீடுகளைத் தட்டி, "ஒரு கையொப்பம் போதும்" என்று கேட்பவர்கள் உண்டு. மொழி சரியாக விளங்காத இடத்தில் கையொப்பமிட வேண்டாம். பட்டியலை அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். "தாளைத் தாருங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். இட்டுவிட்டாலும் பயப்படத் தேவையில்லை. 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்.

முற்கொடுப்பனவு மீற்றர்

சில வீடுகளில், கடையில் காசு போட்டுப் பாவிக்கும் மீற்றர் இருக்கும். காசு முடிந்தால் வெளிச்சமும் இல்லை. பழைய கடன் இருந்தால், நாம் போடும் காசிலிருந்தே ஒரு பகுதி கழிந்துகொண்டிருக்கும். எனவே குடிபுகுந்தவுடனேயே கொம்பனியோடு பேசி, முன்பு இருந்தவரின் கடனை நீக்கச் செய்யுங்கள்.

கடன்பட்ட வீடுகளில் இந்த மீற்றரைப் பலவந்தமாகப் பூட்டியது பெரும் பிரச்சினையாகி, 2023 பெப்ரவரியில் அது இடைநிறுத்தப்பட்டது. அதன் பின்னர் வந்த விதிகளின்படி, 2 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் விருப்பத்துக்கு மாறாக அதைப் பூட்டக்கூடாது.

கர்ப்பிணிகளும் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர்களும் முதியோரும் ஆங்கிலம் சரிவரத் தெரியாதவர்களும் 'முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில்' இலவசமாகப் பெயர் பதியலாம். இதைக் கொம்பனியிடம் நாமே கேட்க வேண்டும்.

பட்டியலில் யாருடைய பெயர்?

சகோதரிகளே, இங்கேதான் கூடுதல் கவனம் தேவை. பல வீடுகளில் கணக்கு கணவரின் பெயரில் மாத்திரம் இருக்கும். புதிதாகச் சென்ற பெண் வங்கிக் கணக்குத் திறக்கவோ வேறு அலுவல்களுக்கோ போனால் முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள். அங்கே மின்பட்டியல் பரவலாக ஏற்கப்படும் ஓர் அத்தாட்சி. அதில் பெயரில்லாத பெண் ஒவ்வொன்றுக்கும் மற்றவரையே நம்பியிருக்க நேரிடும். குறைந்த வருமான உதவி பெறும் குடும்பங்களுக்கு 2025/26 குளிர்காலத்தில் வழங்கப்பட்ட 150 பவுண் கழிவும், உதவி பெறுபவரின் அல்லது அவரது துணையின் பெயர் பட்டியலில் இருந்தாலே கிடைக்கக்கூடியதாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெயர் இருந்தால் கடனிலும் பொறுப்பு உண்டு. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, கட்டாமல் விட்டால் கடிதம் உங்களைத் தேடியே வரும். ஆகவே இருவர் பெயரையும் போட்டு, மாதம் ஒரு தடவை இருவரும் இருந்து பட்டியலைப் பார்ப்பதே நல்லது. வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், அன்றைய மீற்றர் எண்ணைக் கொடுத்துக் கணக்கிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் நாட்டில் வீட்டுப் பாவனையாளருக்கு இத்தகைய தெரிவு கிடையாது. இருக்கும் இடத்தைப் பொறுத்தே மின்சாரம் வழங்குபவர் அமைவார். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் துறையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தாலும், எந்தக் கொம்பனியிடம் வாங்குவது என்று குடும்பத்தலைவி தீர்மானிக்கும் நிலை வரவில்லை. ஆனால் பெயர் பற்றிய விடயம் இங்கும் பொருந்தும். கணவரை இழந்தோ பிரிந்தோ வாழும் பல சகோதரிகளின் வீட்டுப் பட்டியல் இன்னும் அவர் பெயரிலேயே வருகின்றது. வீட்டு உரிமைப் பத்திரங்களோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குச் சென்று, பெயர் மாற்றத்துக்கு என்னென்ன ஆவணங்கள் தேவையென விசாரித்து, இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.