தேனிலவு எட்டாம் நாள்!

போன மாசம் கொச்சிக்குப் போயிருந்தோம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஜெபாலயத்தைப் பார்த்ததும், அவர்கள் கல்யாண முறையைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாளே!

சனிக்கிழமை ஓய்வு நாள், கல்யாணம் கிடையாது. நாம் ஒதுக்கும் செவ்வாய்தான் அவர்களுக்கு விசேஷம்! நாலு கம்பு நட்டுத் துணி விரித்த பந்தலின் கீழ் மோதிரம் போட்டு, மனைவிக்குப் புருஷன் செய்ய வேண்டியதை எழுதிய பத்திரத்தையும் வாசிக்கிறார்கள். பிறகு ஏழு நாள் விருந்தும் வாழ்த்தும். வாழ்த்துச் சொல்லப் பத்து ஆண்கள் கூடணும். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டதால் கொச்சியில் இப்போது அதுவே கஷ்டம். முறைப்படி செய்கிறவர்கள் தேனிலவுக்கு அப்புறம்தான் கிளம்புவார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. மூத்தவளை முகூர்த்தத்துக்கு மறுநாளே ஊட்டிக்கு பஸ் ஏற்றிவிட்டோம். நாமக்கல்லில் விருந்துக்கு ஏற்பாடு செய்து காத்திருந்த சம்பந்தியம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறார். கல்யாண அலைச்சலோடு போனவள், அங்கே மூணு நாள் காய்ச்சலில் படுத்ததுதான் மிச்சம்.

தையில் சின்னவளுக்குக் கல்யாணம். விருந்தெல்லாம் முடியட்டும், சேலத்துக்குப் பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது, ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும் என்கிறேன். மாப்பிள்ளைக்குக் கொடைக்கானல்தான் வேணுமாம். போகட்டும், எட்டாம் நாள்!