டாஸ்மாக்குக்கு டோக்கன், புத்தகத்துக்குப் பூட்டு

2020 மே 7. சென்னை தவிர்த்து மற்ற ஊர்களில் டாஸ்மாக் கடைகள் திறந்த நாள். திறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காலையில் வரலாம், நாற்பதிலிருந்து ஐம்பது வரை மதியம், இளைஞர்கள் சாயங்காலம். மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு சும்மா இருந்துவிட்டதா? டெல்லி வரை போய் மே 15-ல் உச்சநீதிமன்றத்தில் தடை வாங்கி, 16-ஆம் தேதியே மறுபடி திறந்துவிட்டது. இந்த முறை இன்னும் கச்சிதம். கிழமைக்கு ஒரு நிறத்தில் டோக்கன், கடைக்கு நாளொன்றுக்கு 500 பேர்.

குடிப்பது சரியா தப்பா என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். விஷயம் வேறு. கூட்டம் சேராமல், ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்க வைத்து, ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவது எப்படி என்பது 2020 மே மாதமே நம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தபோது, தேதியும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைத் தனித்தனி நேரத்தில் பள்ளிக்கு வரச் சொல்லிப் பாடப்புத்தகம் கொடுத்தார்கள். ஆக, புத்தகத்தையும் கொடுக்கத் தெரியும்!

கல்லூரி மாணவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தமிழகத்தில் கல்லூரிகள் மூடப்பட்டது 2020 மார்ச் 17. பொது நூலகங்கள் திறந்தது செப்டம்பர் 1. இறுதியாண்டு இளநிலை மாணவர்கள் கல்லூரிக்குள் கால் வைத்தது டிசம்பர் 7. கிட்டத்தட்ட ஒன்பது மாதம். கல்லூரி மூடினால் அதற்குள் இருக்கும் நூலகமும் மூடியதாகத்தான் கணக்கு. "வாசிப்பு அறையைப் பூட்டுங்கள், ஆனால் புத்தகக் கடன் நிற்கக் கூடாது" என்று பிரித்துப் பார்க்கும் யோசனையே எவருக்கும் வரவில்லை. இந்தக் கட்டுரையின் சண்டை முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான். நூலகம் என்பது கட்டிடம் என்று நினைத்தார்கள். கட்டிடத்தை மூடியது தப்பே இல்லை. கடனை மூடியதுதான் தப்பு.

இதில் அதிகம் அடிபட்டது யார்? சென்னையில் இருப்பவன் எப்படியாவது சமாளித்துக்கொள்வான். தருமபுரி மாவட்டத்துக்கு வாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது. தருமபுரி அரசு கலைக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று அரசு கல்லூரிகள் பரவின. எல்லாம் சேலத்தில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள்தான் இங்கே ஏராளம். பி.காம். முதலாண்டில் ரெட்டி - மூர்த்தி அக்கவுண்டன்சி புத்தகம் சொந்தமாக வாங்க முடியாமல், நூலகத்துப் பிரதியை நாலு பேர் முறை வைத்துப் படிப்பது சாதாரணம். அந்த ஒரு பிரதி பூட்டுக்குள் போனால், நாலு பேரின் பாடமும் பூட்டுக்குள் போனது என்று அர்த்தம்.

"எல்லாம்தான் நெட்டில் இருக்கே" என்று ஒரு கூட்டம் கிளம்பும். இருக்கிறது, யார் இல்லை என்றது? காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் இருக்கிறது. கல்லூரி சந்தா கட்டியிருந்தால், மாணவன் கடவுச்சொல் போட்டு வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைப் படிக்கலாம். ஐ.ஐ.டி. கரக்பூரின் தேசிய மின்நூலகம் இருக்கிறது. ஆனால் பேரேட்டுக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் ஐந்தங்குலத் திரையில் விரலால் நகர்த்தி நகர்த்திப் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. தமிழ்வழி மாணவனுக்கு வேண்டிய பாடநூல் அந்த ஆய்விதழ்க் குவியலில் கிடைக்காது. இன்னொன்று, நாளைக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு என்று அரசு அறிவித்ததே 2021 ஜனவரியில்தான். அதற்குள் ஒரு பருவமே முடிந்துவிட்டது! அந்த டேட்டா வந்தாலும் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் சிக்னல் வர வேண்டுமே.

அடுத்த கேள்வி நியாயமானது. நூலக ஊழியர்கள் உயிர் உயிரில்லையா? உயிர்தான். அதனால்தான் கடன் சேவையையும் ஊழியர் பாதுகாப்பையும் சேர்த்தே பேச வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது சோம்பேறித்தனம்.

புத்தகத்தால் தொற்று வருமா என்ற பயம் 2020-ல் நிஜமானது. அதைச் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் ரியல்ம் என்ற திட்டத்தில் நூல் அட்டை, தாள் எல்லாவற்றிலும் வைரஸை வைத்துப் பார்த்தபோது, தனித்தனியாக வைத்தவற்றில் மூன்று நாளில் அது தென்படவில்லை. அடுக்கி வைத்தவற்றில் பலவற்றில் ஆறு நாளுக்குப் பிறகும் இருந்தது. ஆக, திரும்பி வந்த புத்தகத்தைப் பரத்தி வைத்துச் சில நாள் தொடாமல் விட்டால் போதும். செலவு? ஒரு காலி அறை. காலி அறைக்கா கல்லூரியில் அப்போது பஞ்சம்? பொருட்களின் மேற்பரப்பிலிருந்து தொற்றுவது மிகக் குறைவு என்பது 2021-க்குள் தெளிவாகியும் விட்டது.

நிஜமான ஆபத்து மனிதனுக்கு மனிதன் பரவுவது. அதற்கு வழி: ஒரு நாளைக்கு இரண்டே ஊழியர், வாரம் மாற்றி வாரம் வேலை, முகக்கவசமும் கண்ணாடித் தடுப்பும், நோயுள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் வீட்டிலிருந்தே தொலைபேசி வேலை. இதோடு இன்னொன்று, சம்பளம். நிரந்தர ஊழியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் புத்தகம் அடுக்குபவருக்கு? மத்திய நிதி அமைச்சகம் 2020 மார்ச் 23-லேயே, தன் அலுவலகங்களில் ஒப்பந்த, தற்காலிக ஊழியர்கள் வீட்டில் இருந்தாலும் பணியில் இருந்ததாகவே கருதிச் சம்பளம் கொடுக்க உத்தரவிட்டது. அதுவும் ஏப்ரல் 30 வரைதான். பல்கலைக்கழகம் ஒன்று தன் நூலக ஊழியருக்கு அந்த உறுதியை மூடல் முடியும் வரை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாதவரிடம் "சேவை செய்யுங்கள்" என்று கேட்பதற்குப் பெயர் சேவை அல்ல, சுரண்டல்.

சரி, பஸ் ஓடாத காலத்தில் புத்தகத்தை ஊருக்கு எப்படி அனுப்புவது? 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். தொடங்கி வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால் 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு வாருங்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப் போனது. கொரோனா காலத்தில்தான்! ஓட்டு வாங்கக் கழுதை கிடைக்கிறது, புத்தகம் கொடுக்க ஒரு தபால் பை கிடைக்காதா? ஊரடங்கிலும் தபால்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். இப்போது அஞ்சல் துறை 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று கல்வி நூல்களுக்கே தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி.

"அனுப்பினால் திரும்பி வராது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவனின் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரி கையில்தானே இருக்கின்றன? நூலகத்தில் 'நோ டியூ' வாங்காமல் எவன் தப்பித்துப் போயிருக்கிறான்? :-)

கொரோனா போய்விட்டது, இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்கலாம். அடுத்த மூடல் சொல்லிவிட்டு வராது. கிருமியாக வரலாம், வெள்ளமாக வரலாம். பெரியார் பல்கலைக்கழகமாகட்டும், அதன் கீழுள்ள கல்லூரிகளாகட்டும், ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியது இவ்வளவுதான்:

1. மூடிய அன்றே எல்லாக் கடன் நூல்களுக்கும் தவணை தானாக நீளும், அபராதம் கிடையாது.
2. ஒரு தொலைபேசி எண், ஒரு வாட்ஸ்அப் எண். கேட்ட நூலை எடுத்து வைக்க நாளுக்கு இரண்டு ஊழியர்.
3. வாசலில் நேரம் குறித்துக் கொடுப்பது. தொலைவில் இருப்பவருக்குத் தபால், செலவு கல்லூரியுடையது.
4. ஒப்பந்த, தினக்கூலி நூலக ஊழியர் எல்லோருக்கும் மூடல் முடியும் வரை முழுச் சம்பளம்.

ஐந்தாவதாக எதுவும் தேவையில்லை. நாளைக்கு உங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போனால், கவுன்ட்டரில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அடுத்த வாரம் மூடச் சொன்னால் புத்தகம் எப்படிக் கொடுப்பீர்கள்?" பதில் எழுத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.