ஓ.டி.பி யார் போனுக்கு வருது? பிரிவு என்று வந்தால் கையில் இருக்க வேண்டிய பேப்பர்கள்!

"எல்லாம் இருக்கு. ஆனா, எதையும் திறக்க முடியல. ஓ.டி.பி அவர் போனுக்குத்தான் போகுது!"

எங்கள் தெரு அக்கா ஒருவர் சொன்னது இது. கணவரைப் பிரிந்து, மகளோடு அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. வக்கீல் முதலில் கேட்டது பேப்பர்களைத்தான். ஆதார், பேங்க் கணக்கு என எல்லாவற்றிலும் கொடுத்திருந்தது கணவரின் மொபைல் எண்ணை.

வருமானத்தை மறைக்க முடியுமா?

ஜீவனாம்ச வழக்குகளில் பெரிய சண்டையே, 'சம்பளம் எவ்வளவு?' என்பதில்தான். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன், செலவு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேலைக்குப் போகும் மனைவியும் தன் சம்பளத்தை மறைக்கக் கூடாது. பொய் சொன்னது தெரிந்தால் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம்.

ஆனால், எதிர்த்தரப்பு எதையாவது விட்டுவிட்டால், அதை எடுத்துச் சொல்ல உங்களிடம் விவரம் இருக்க வேண்டுமே!

எதையெல்லாம் எடுத்து வைக்கலாம்?

* திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள்.
* உங்கள் கணக்கு மற்றும் ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், பாலிசி, பி.எஃப் விவரம்.
* நகை பில், கல்யாண போட்டோக்கள், நகைக்கடன் ரசீது.
* நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரங்களின் நகல். ஜாமீன் கையெழுத்தும் இதில் சேரும்.
* வீடு, மனை இருந்தால் சர்வே எண்ணைக் குறித்துவையுங்கள். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

எதைச் செய்யக் கூடாது?

பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து அவருடைய மெயிலுக்குள்ளோ, நெட் பேங்கிங்குக்குள்ளோ நுழையாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் உங்கள் மீதே பாயலாம். தேவையான ஆவணத்தைக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போடலாம்.

மெடிக்கல் ரிப்போர்ட், சாட் ஸ்கிரீன்ஷாட் எதையும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அவை வக்கீலுக்கு மட்டும் போகட்டும். குடும்ப நீதிமன்றத்தில் இருவரில் ஒருவர் கேட்டாலே, வெளியாட்கள் இல்லாமல் விசாரணை நடத்த வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றமே மூடிய கதவுக்குள் வைக்கும் விஷயத்தை நாமே ஊருக்குச் சொல்வானேன்?

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு.

அக்கா முதலில் போனது ஆதார் சேவை மையத்துக்கு. கைரேகை வைத்து, தன் எண்ணை மாற்றினார். பிறகு பாஸ்புக்கோடு பேங்குக்குப் போனார். சில நாள்கள் கழித்து, "இப்போ ஓ.டி.பி எனக்கே வருது" என்று போனைக் காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

சண்டை வந்த பிறகுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்றில்லை. சந்தோஷமாக இருக்கும் வீட்டிலும் உங்கள் கணக்கில் உங்கள் எண்தான் இருக்க வேண்டும். இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்... உங்கள் ஓ.டி.பி யார் போனுக்கு வருகிறது?