ஓட்டைக் கல்லும் நம்ம ஊர்ப் புளியும்

2025-இல் கிட்டாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்ததைப் பற்றிப் பேசும்போது நல்லம்பள்ளி டீக்கடையில் ஒரு நண்பர், "ஓட்டைக் கல் செய்ததற்கா பரிசு?" என்று நக்கலடித்தார். எனக்குக் கோபம்.

தும்மலுக்கு நீங்கள் போடும் லீவோசெட்டிரிசினில் 'லீவோ' என்றால் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. இடக்கை, வலக்கைபோல ஒரே மூலக்கூறுக்கு இரு வடிவம் உண்டு ஐயா. மருந்தாக வேலை செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். மற்றது சில சமயம் கெடுதலும் செய்யும்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன கதை இது. 1848-இல், 25 வயது பஸ்தேர் (நாய்க்கடி மருந்துக்காரர் பாஸ்டர்தான்) டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இரு கைகளையும் பிரித்தார். பங்குனியில் நாம் கொட்டை எடுக்கும் புளியில் இருப்பதும் அந்த அமிலம்தான்!

2000-இல் கொரியாவில் கிம் கிமூன் குழு, அதே அமிலத்திலிருந்து செய்த பொருளைத் துத்தநாகத்தோடு கோர்த்து, ஒரே கைவாகு கொண்ட நுண்துளைப் படிகம் கட்டியது. அதை வைத்து வினை நடத்தினால் ஒரு கை கூடுதலாக விளைந்தது. சுமார் 8 சதவீதம்தான்.

"அவ்வளவுதானா?" என்றார் நண்பர். முதல் போரில் தண்ணீர் வராமல் இரண்டாவது போட்டவர் அவர்! 2005-இல் அமெரிக்காவில் லின் வென்பின் குழு வேறொரு படிகத்தில் 93-ஐத் தொட்டது. கல் என்பதால் வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம், அதுதான் காசு.

நம் வேதியியல் ஆசிரியர்கள் ஒரு உருண்டைப் புளியோடு வகுப்புக்குப் போகட்டும்.