நகையை அடகு வைத்துப் பழைய டிராக்டர் வாங்கலாமா?

பரமத்தி வேலூர் வாசகர் ஒருவருக்கு மூன்று ஏக்கர் நிலம். பெரும்பகுதி வாழை, கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால். முன்னால் லோடரும் பின்னால் பள்ளம் தோண்டும் பேக்ஹோவும் பூட்டிய பழைய மினி டிராக்டர் ஒன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று ஏக்கருக்கு மட்டும் என்றால் வேண்டாம். அகத்தியில் கொடி ஏறிய பிறகு கொடிக்காலுக்குள் வண்டிக்கு இடமில்லை. வடிகால் எடுப்பது, பைப் புதைப்பது, வாழைக் கட்டையைப் பெயர்ப்பது, தொழுவுரம் ஏற்றுவது எல்லாம் சேர்த்தும் வருடத்தில் சில நாள் வேலைதான். நகைக்கு 3 லட்சம் ரூபாய் வாங்கி, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு வட்டி மட்டும் 36,000 ரூபாய். ஜே.சி.பி. வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்றால் அது 30 மணி நேர வாடகை. அவ்வளவு வேலை இல்லாதவருக்கு வட்டிப் பணமே கட்டாது. டீசல், ரிப்பேர் செலவு தனி. வேளாண் பொறியியல் துறையும் டிராக்டர், மண் தோண்டும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

அண்ணன் தம்பிகளோ பக்கத்துத் தோட்டக்காரர்களோ கூட்டாக வாங்கினால் கணக்கு மாறும். அப்போது வண்டியை இப்படிப் பார்க்க வேண்டும்.

இன்ஜின்: போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மணி மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பெடல் தேய்ந்திருப்பதையும் பார்க்க வேண்டும்.

லோடர்: பக்கெட்டில் மண் நிரப்பிப் பாதி உயரம் தூக்கி, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு இருக்கிறது. ராடில் கீறலும் துருக்குழியும் இருந்தால் சீல் மாற்றுவதோடு தீராது. அடியில் யாரும் நிற்கக் கூடாது.

பேக்ஹோ: அது வெறும் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டியிருந்தால், தோண்டும் விசை முழுவதும் டிராக்டரின் பின்பக்கத்தில் விழும். முன்பக்கம் வரை நீளும் இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருப்பதே நல்லது. கிளட்ச் ஹவுசிங், சட்டம் இணையும் இடங்களில் வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் விரிசலைத் தேட வேண்டும். பூமைப் பக்கவாட்டில் ஆட்டினால் பின், புஷ் தேய்மானம் தெரியும்.

ஆயில்: அரை மணி நேரமாவது கெட்டி மண்ணில் தோண்டிப் பார்க்க வேண்டும். பம்ப் தேய்ந்திருந்தால் ஆயில் சூடான பிறகுதான் பலம் குறையும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர், ஹோஸ் மாற்றப் பட்டறை கிடைக்கும். ஆனால் அந்த மாடலுக்கு கியரும் பம்பும் கிடைக்கிறதா என்று முன்பே விசாரிக்க வேண்டும்.

காகிதம்: ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியில் உள்ளவையோடு பொருந்த வேண்டும். கடன் பதிவு இருந்தால், முடிந்ததற்கான படிவம் 35-ம் வங்கிச் சான்றும் வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விவசாய டிராக்டராகப் பதிவான வண்டியைக் கூலிக்கு மண் அள்ள ஓட்டினால், விபத்தின்போது காப்பீட்டில் சிக்கல் வரலாம்.

வாங்கிய பிறகும் ஒன்றை மறக்கக் கூடாது. வாய்க்கால் கரையில் நிறைந்த பக்கெட்டை உயரத் தூக்கியபடி திருப்பினால் சிறு டிராக்டர் சாய்ந்துவிடும். பக்கெட் தாழ்ந்தே இருக்கட்டும். பேக்ஹோவைக் கழற்றி ஓட்டினால் பின்பக்கம் எடை கட்ட வேண்டும்.

இதில் எதையாவது சோதிக்க விற்பவர் மறுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வருவதே லாபம். நகை வீட்டிலேயே இருக்கும்.