தலை கடைசியில் எழட்டும்



தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்ட மனிதன் முதலில் செய்வது என்ன? தலையை மேலே தூக்குவதுதான். மூச்சுக்காக எழும் இந்தத் துடிப்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், கயாக் என்னும் சிறு படகில் அமர்ந்தபடியே கவிழ்ந்தவனை மறுபடியும் மூழ்கடிப்பது இதே துடிப்புத்தான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கயாக், வடதுருவத்தையொட்டி வாழும் மக்கள் கண்ட படகு. கிரீன்லாந்தில் இனூயிட் வேட்டைக்காரர்கள் சீல் எனப்படும் கடல்நாய்களைத் தேடி அதில்தான் சென்றார்கள். கரையொதுங்கிய மரத்தால் சட்டம். அதன்மேல் இழுத்துத் தைத்த கடல்நாய்த் தோல். ஒருவர் மட்டும் அமர ஒரு குழி. அவர் அணியும் தோல் சட்டையின் கீழ்விளிம்பு அந்தக் குழியின் வளையத்தோடு இறுகப் பிணைக்கப்படும். முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் நீர் புகாதபடி கட்டப்படும். படகும் ஆளும் ஓருடல் போலத்தான். அந்தக் குளிர்ந்த கடலில் படகைவிட்டு வெளியேறியவரின் கைகால்கள் சில நிமிடங்களிலேயே மரத்துப்போகும். எனவே, கவிழ்ந்தால் உள்ளிருந்தபடியே நிமிர்வதுதான் உயிர்காக்கும் வழி.

கவிழாமல் காத்துக்கொள்வது முதற்பாடம். படகு சாயும் பக்கத்து நீர்ப்பரப்பில் துடுப்பின் அகன்ற முனையைத் தட்டையாக அறைய வேண்டும். நீர் கெட்டியாகத் தாங்கும்; ஆனால் ஒரு நொடிதான் தாங்கும். அந்த நொடிக்குள் இடுப்பைச் சொடுக்கிப் படகைத் தமக்கடியில் நிமிர்த்திக்கொள்ள வேண்டும். கையை உடலைவிட்டு உயர நீட்டி இதைச் செய்தால் தோள்மூட்டு நழுவிவிடக் கூடும். முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும் என்று பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

முழுவதும் கவிழ்ந்தபின் நிமிர்வது அடுத்த பாடம். பார்ப்பவர்கள் துடுப்புத்தான் படகை நிமிர்த்துகிறது என்று எண்ணுவார்கள். உண்மையில் நிமிர்த்துவது இடுப்பும் முழங்காலும். ஆகவே முதலில் துடுப்பே இல்லாமல், நீச்சல் குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பழக்குவார்கள். மாணவர் காது நீரில் படியுமாறு சாய்ந்து, படகைத் தம்மீது கவியவிட்டு, முழங்காலால் உந்தி நிமிர்த்த வேண்டும். காது மட்டும் நீரைவிட்டு எழக்கூடாது! தலையை அவசரமாகத் தூக்கினால் மறுபக்கத்து முழங்கால் தானாகவே அழுத்தும். பாதி நிமிர்ந்த படகு திரும்பவும் கவிழும். முதலில் படகு, பிறகு உடல், எல்லாவற்றுக்கும் பின்னரே தலை. பாடம் நடத்துவோர் அறிவார்கள்: தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதைவிட, பிறவியிலேயே ஊறியதை விடச்செய்வது எத்துணைக் கடினம் என்பதை.

கிரீன்லாந்தினர் இத்துடன் நின்றுவிடவில்லை. துடுப்பு கைநழுவினால் ஈட்டியெறியும் பலகையைக் கொண்டும், அதுவும் போனால் வெறுங்கையாலும் நிமிரப் பழகினார்கள். 1985இல் தொடங்கப்பட்ட அந்நாட்டுக் கயாக் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டியில், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நிமிர்வோரையும் காணலாம்.

இக்கலை ஐரோப்பாவுக்கும் சென்றது. ஆஸ்திரியரான ஹான்ஸ் பாவ்லாட்டா, பயணிகள் எழுதிய நூல்களைப் படித்தே 1927இல் இதைக் கைவரப்பெற்றார். ஆசானின்றி ஏட்டைக் கொண்டே தலைகீழாகத் தொங்கிக் கற்ற அவருடைய மனத்திட்பத்தை என்னவென்பது!

ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞருக்கோ ஆசான்களே வாய்த்தார்கள். 1930-31இல் கிழக்குக் கிரீன்லாந்துக்கு ஆய்வுக்குழுவை நடத்திச் சென்ற அவர், அங்குள்ள வேட்டைக்காரர்களிடமே இதைக் கற்றுத் தேர்ந்தார். 1932 ஆகஸ்ட் 20ஆம் நாள், மீண்டும் அதே கரையில், கடல்நாய் வேட்டைக்குக் கயாக்கில் புறப்பட்டார். அவருக்கு அப்போது வயது 25. துணைக்கு எவரையும் அழைத்துச் செல்லவில்லை. தேடிச்சென்ற நண்பர்கள் மிதந்துகொண்டிருந்த வெறும் கயாக்கைக் கண்டார்கள். பனிக்கட்டி ஒன்றின்மீது அவருடைய காற்சட்டையும் இடுப்புவாரும் கிடந்தன. உடல் கிடைக்கவே இல்லை.