ஆள் ஏறும் கப்பலில் அம்மி ஏறாதா?

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் விடப்பட்டபோது வடபுலத்து மக்கள் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதி 'செரியபாணி' முதற் பயணம் செய்தது. ஒரு வாரத்துக்குள் பருவக்காற்று குறுக்கிட, அது நின்றுபோயிற்று. பின்னர் 2024 ஆகஸ்ட் 16 ஆந் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் சேவை மறுபடி தொடங்கிற்று. ஏறக்குறைய 60 கடல்மைல். நான்கு மணி நேரப் பயணம். காலையிற் புறப்பட்டவர் மாலைக்குள் அக்கரையில் அலுவலைத் தொடங்கிவிடலாம். இவ்வளவும் நன்றே.

ஆனால், இக்கப்பல் யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வியை எவரும் கேட்கக் காணோம். கோயில் தரிசனத்துக்குச் செல்வோர், புடைவை வாங்கச் செல்வோர், வைத்தியத்துக்குச் செல்வோர், உல்லாசப் பிரயாணிகள் ஆகிய இவர்களுக்கு இக்கப்பல் போதும். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கிலோக்கணக்கில் நிறுத்து ஏற்றிவிடுவார்கள். ஆயின், வீட்டோடு வரவேண்டியவன் என்ன செய்வான்? இக்கப்பலில் மோட்டார் வண்டி ஏறாது, லொறி ஏறாது, தையல் இயந்திரமும் கட்டிலும் அலுமாரியும் ஏற வழியில்லை. அறுபது மைல் கடலைத் தாண்டி ஒரு குடும்பம் குடிபெயர்வதற்கு இன்று நேர்வழி ஒன்றும் கிடையாது என்பதே உண்மை நிலை.

இது ஏதோ வசதி படைத்தோரின் முறைப்பாடு என்று யாரேனும் எண்ணினால், அவர்கள் தமிழ்நாட்டு முகாம்களை மறந்தவர்கள். 1983 இலும் 1990 இலும் அதன் பின்னரும் அலையலையாகப் படகேறிச் சென்ற நம்மவரில் 58,000 பேருக்கு மேற்பட்டோர் 2021 ஆம் ஆண்டிலும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்தனர். முகாம்களுக்கு வெளியே வாழ்ந்தோர் வேறு. அவர்களிற் பலர் திரும்பிவர விரும்புகின்றனர். சிலர் அங்கேயே தங்க விரும்புகின்றனர். அது அவரவர் உரிமை. வர விரும்புகிறவர்களை நோக்கி "வாருங்கள், வாருங்கள்" என்று மேடைகளில் அழைப்போர் பலர். வருகிறவன் எதைக்கொண்டு வருவான் என்று சிந்தித்தவர் எத்தனை பேர்?

முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பம் ஓரிடத்தில் வாழ்ந்தால் பொருள் சேராமற் போகாது. வறியவன் வீட்டிலும் சேரும். பெயின்ற் அடிக்கும் கூலி வேலைக்குப் போன தகப்பன் வாங்கிய மோட்டார் சைக்கிள், தாய் தவணைப் பணம் கட்டி எடுத்த தையல் இயந்திரம், மகளின் பாடப்புத்தகங்கள், மாவரைக்கும் கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, சாமிப்படம், இறந்தவர்களின் நிழற்படங்கள். சந்தையிலே இவற்றுக்கு என்ன விலை என்று கேட்டால் காயலான் கடைக்காரன் சொல்லும் விலைதான். ஆனால் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ, கூரை போன வீட்டுக்குள் மறுபடி அடுப்பு மூட்டப் போகிறவளுக்கு இவையே மூலதனம். அந்தத் தையல் இயந்திரத்தை அங்கே பாதி விலைக்கு விற்றுவிட்டு, இங்கே முழு விலை கொடுத்து வாங்கு என்று சொல்வது, திரும்பி வந்ததற்காக அவளிடம் தண்டம் அறவிடுவதாகும். விமானத்தில் வருவோருக்கு அனுமதிக்கப்படும் சுமையோ கிலோ இருபது அல்லது முப்பது. முப்பது ஆண்டுக்கு முப்பது கிலோ! ஆண்டுக்கு ஒரு கிலோ என்று கணக்குப் பார்த்தார்கள் போலும்.

கடல்வழி வந்தால் கூடுதலாகக் கொண்டுவரலாம் என்பது இதற்கு முன் செய்து பார்க்கப்பட்ட காரியமே. 2011 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெருங்கப்பல் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் ஒரு தொகுதி அகதிகளை அக்கப்பலிலேயே ஊருக்கு அனுப்பிற்று. விமானத்தைவிடக் கப்பலில் வீட்டுச் சாமான்களைக் கூடுதலாகக் கொண்டுசெல்லலாம் என்பதே அவர்களுக்கு அதில் இருந்த பெரிய நயம். நவம்பரில் கப்பலே நின்றுவிட்டது. பயணிகள் போதாமையால் கட்டவில்லை என்றார்கள். வடக்கே வாழ்பவன் கொழும்பில் இறங்கி, மீண்டும் இருநூறு மைல் லொறி பிடித்து வரவேண்டிய ஒரு பாதையில் பயணிகள் போதாமற் போனதில் வியப்பென்ன?

பழைய நாளில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதன் பின், சென்னையிற் புகைவண்டி ஏறியவன் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலேறி, இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட கடலைக் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடி புகைவண்டி ஏறினான். அவனுடைய பெட்டி படுக்கைகளும் அவ்வழியே வந்தன. மோட்டார் வண்டி வைத்திருந்தோருக்குத்தான் கரைச்சல். பாம்பனிலே தெருப்பாலம் 1988 வரை கிடையாது. ஆகையால் வண்டியைப் புகைவண்டித் தட்டிலே ஏற்றித்தான் அத்தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் யுத்தம் அதையும் நிறுத்தியது.

அந்தக் கப்பல் சுமந்த சுமைகளில் மிகப் பாரமானது எது என்று கேட்டால், மலைநாட்டுத் தமிழரின் தகரப்பெட்டிகளே என்போம். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆடுமாடு பங்கிடுவது போலப் பங்கிட்ட அவ்வொப்பந்தத்தை நாம் பாராட்டப் போவதில்லை. ஆனால் அதில் ஒரு வாசகம் உண்டு. இறுதியாகப் புறப்படும்போது சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகள் யாவற்றையும் அவர்கள் எடுத்துச் செல்ல இலங்கை அரசாங்கம் இடமளிக்க வேண்டும் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்ச அளவை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கலாகாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நான்கு தலைமுறை உழைப்புக்கு நாலாயிரம் என்பது அற்பமே. எனினும், மனிதன் பெயரும்போது அவன் பொருளும் பெயர வேண்டும் என்பதை அந்தக் கல்நெஞ்ச ஒப்பந்தமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. இன்று திரும்பி வருகிற அகதிக்கு அவ்வாறான ஒரு வரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இனி, கப்பல் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்வோம். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் 1953 ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிகள் தம் சக்கரத்திலே ஓடிக் கப்பலுக்குள் ஏறவும், மறுகரையில் ஓடி இறங்கவும் வசதி செய்துவிட்டார்கள். கப்பலின் பின்புறத்திலோ முன்புறத்திலோ பெருங்கதவு ஒன்று சாய்தளமாக விழும். வண்டிகள் உட்சென்று அடித்தட்டிலே வரிசையாக நிற்கும். ஆட்கள் மேற்றட்டில் அமர்வார்கள். பாரந்தூக்கி வேண்டாம், இடையிலே சுமைகூலி வேண்டாம். வீட்டு வாசலில் ஒருமுறை ஏற்றிய சாமான் மறு வீட்டு வாசலில் ஒருமுறைதான் இறங்கும். ஐரோப்பாவிற் குடியேறிய நம் பிள்ளைகள் இலண்டனிலிருந்து பாரிசுக்கோ ஜெர்மனிக்கோ வீடு மாறும்போது, வாடகை வான் ஒன்றில் சட்டி பானை முதல் கணினி வரை அடுக்கிக்கொண்டு இவ்வாறுதான் கடலைக் கடக்கிறார்கள். அவர்கள் மறுகரையில் தெருவின் வலப்பக்கத்துக்கு மாறி ஓட்ட வேண்டும். நமக்கோ இரு கரையிலும் இடப்பக்கமே!

அத்தகைய கப்பலில் ஆபத்தும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1987 மார்ச் 6 ஆந் திகதி பெல்ஜியத்தின் சீபுரூக் துறையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலக் கப்பலொன்று முன்கதவு மூடப்படாமலே கடலுக்குட் சென்று கவிழ்ந்து 193 உயிர்களைக் குடித்தது. ஆகவே கதவும், சுமையின் கட்டும், காலநிலையும் கண்டிப்பாகக் கண்காணிக்கப்பட வேண்டும். கார்த்திகை மார்கழியிலே பாக்குநீரிணை எப்படிக் குமுறும் என்பதை நம் மீனவரைக் கேட்டாலே சொல்வார்கள். அம்மாதங்களில் சேவை நின்றாலும் குறையில்லை. ஆண்டில் எட்டு மாதம் ஒழுங்காக ஓடினாற் போதும்.

துறைமுகம் தடை என்பார்கள். காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க இந்தியா நன்கொடை தருவது பற்றி 2024 டிசெம்பரில் இரு அரசாங்கங்களும் கூட்டறிக்கையிலே பேசியிருக்கின்றன. அந்த வரைபடத்தில் வண்டி ஏறும் சாய்தளம் ஒன்றைச் சேர்ப்பது இப்போது கீறும் ஒரு கோடு. கொங்கிறீற்று இறுகிய பின் அது பெருஞ் செலவு. தலைமன்னாருக்கு 2015 இலே புகைவண்டி மீண்டது; பாம்பனிலே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரு பக்கத்துத் தண்டவாளமும் கடலோரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

சுங்கம்தான் உண்மையான முட்டுக்கட்டை. நம் சுங்கச் சட்டத்தின் அடித்தளம் 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயன் வருமானத்துக்காக ஆக்கிய சட்டம் அது. வெளிநாட்டில் தங்கித் திரும்புவோருக்கு, தங்கிய காலத்தைப் பொறுத்துத் தீர்வை விலக்கு உண்டு என்பது சரியே. ஆனால் அந்தக் காலத்தை எதைக்கொண்டு அளப்பது? கடவுச்சீட்டில் விழும் முத்திரையைக் கொண்டு. 1990 இலே குண்டுக்குத் தப்பிப் பேசாலையிலிருந்து படகேறியவன் எந்த அதிகாரியிடம் முத்திரை குத்திக்கொண்டு போனான்? தற்காலிகப் பயணப் பத்திரம் ஒன்றே அவன் கையில் உள்ளது. முகாமில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையை வதிவுக்குச் சான்றாகச் சுங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதற்கு நல்ல முன்மாதிரி. வெளியே தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதம் வாழ்ந்தவன் குடிபெயர்ந்து வரும்போது, ஆறு மாதமேனும் தான் வைத்திருந்து பாவித்த வீட்டுப் பொருளைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம்; கொண்டுவந்ததை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் விற்கலாகாது. எவ்வளவு தெளிவான விதி! பாவித்த பொருளா, விற்பனைப் பொருளா என்பது ஒன்றே கேள்வி.

இவ்விடத்தில் நம் கமக்காரர் ஒரு நியாயமான அச்சத்தைக் கிளப்புவர். வண்டி ஏறும் கப்பல் வந்தால் வெங்காயமும் மிளகாயும் அதே வண்டியில் வந்து நம் வயிற்றில் அடிக்காதா என்பர். அவர்கள் அனுபவம் அப்படி. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கை செழித்ததையும், 1977 இன் பின் கதவு திறந்துவிடப்பட்டபோது அது நொந்ததையும் கண்டவர்கள் அவர்கள். 'குருவி' என்று பெயர் பெற்ற சிறு கடத்தல்காரர், பயணப் பொதி என்ற பெயரில் புடைவையும் வாசனைத் திரவியமும் கொண்டுவந்து விற்பதும் தெரிந்த சங்கதியே. இதற்கு விடை கப்பலைத் தடுப்பதல்ல. குடிபெயர்வோரின் சாமான் பட்டியல் புறப்படுமுன்பே எழுத்தில் பதியப்பட வேண்டும். வாழ்நாளில் ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை மட்டுமே இச்சலுகை. உணவுப்பொருளும் விதையும் கன்றும் அதில் அடங்கா. அக்கரைத் தென்னங்கன்றோடு அக்கரை நோயும் வந்து சேர்ந்தால் நாம்தான் அழ வேண்டிவரும். தண்ணீர்ப் பம்பியும் மருந்து தெளிக்கும் கருவியும் மண்வெட்டியும் அடங்கலாம், அடங்கவும் வேண்டும்.

இந்திய வண்டிகள் இங்கு வந்து தங்கிவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை. கார்னே என்று வழங்கும் பிணைப் பத்திரத்தோடு ஒரு நாட்டு வண்டி மறுநாட்டுக்குத் தற்காலிகமாகச் சென்று திரும்புவது உலக வழக்கு. சாமானை வவுனியாவில் இறக்கிவிட்டு, வெறும் வானோடு சாரதி அடுத்த கப்பலில் திரும்பிப் போவான். திரும்பாவிடில் பிணைப்பணம் பறிமுதல்.

பொதி பார்க்கும் களஞ்சியம் காங்கேசன்துறையிலேயே அமைய வேண்டும். கொழும்புக்கு அனுப்பி, அங்கே தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரி முன் வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொரு நாளும் களஞ்சிய வாடகை ஏற்றுவதானால் கப்பல் வந்தும் பயனில்லை. சுங்கம் மத்திய அரசாங்கத்தின் கையில் இருப்பதால் மாகாண சபையோ பிரதேச சபையோ இதைச் செய்ய இயலாது. வடக்கு கிழக்கிலிருந்து சென்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நிதி அமைச்சுக்கான வாக்கெடுப்பின்போதே இதைக் கிளப்ப வேண்டும். குடும்ப அட்டை பற்றிய வர்த்தமானி, காங்கேசன்துறையில் களஞ்சியம், வரைபடத்தில் ஒரு சாய்தளம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, அமைச்சரின் விடையை ஹன்சாட்டில் ஏற்றிவைக்கட்டும்.